திருப்பி வாங்கிய மன்னிப்பு

பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். முன்கண்ணாடியின் மேல்பக்கம் ‘சமாதானம்’ என்று பட்டையாக ஒட்டியிருக்கும். பக்தி முற்றி ஒட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். ‘இயேசு காக்கிறார்’ என்றுதான் கேட்டேன். கடைக்காரரிடம் அது தீர்ந்துபோயிருந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். குறுக்கே ஒரு பைக் வந்தாலும் தலையை வெளியே நீட்டிக் கத்திவிடுவேன். அப்போதெல்லாம் டிரைவர் சீட்டில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து வரும் என் நண்பன் அந்த எழுத்தை விரலால் தட்டிக் காட்டுவான்.

“இத்தப் படிச்சிட்டு அப்பால கத்துபா” என்பான்.

அவன் கடலோரக் குப்பத்து மீனவன். கடலுக்கும் போவான், ஏரியிலும் வலை கட்டுவான். நூல் வாங்க, இன்ஜினுக்குச் சாமான் வாங்க என்று வாரத்தில் பாதி நாள் என் வண்டியில்தான் இருப்பான். ஆடி மாதம் அவர்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் எனக்குத் தூக்குவாளியில் வந்துவிடும். பாஸ்டர் கண்ணில் படாமல் குடித்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பிரியாணி அவன் வீட்டுக்குப் போகும். எங்களுக்குள் மதச் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. பின்னால் வந்த சண்டை எந்தச் சண்டை என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் இருப்பது ஏரிக்கு மேற்கே உள்ள காலனியில். எங்களில் ஆண்கள் காட்டூர்ப் பக்கம் வயல் வேலைக்கும், மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள். பெண்களில் சிலர் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். என் அக்காவும் அந்தக் கூட்டம்தான். வலை கிடையாது, படகு கிடையாது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி, அகப்படுகிற இறாலைப் பறியில் போட வேண்டும். பறி என்பது ஓலையில் பின்னிய சின்னக் கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஏரியில் இருக்கும்வரை அக்காவால் பேச முடியாது. அவள் வாய்க்கு ஆண்டவர் கொடுத்த ஓய்வு அது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன். கரையேறியதும் வட்டியும் முதலுமாகத் திட்டுவாள்.

ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். குப்பத்துக்காரர்களுக்குப் பாடு உண்டு, எங்களுக்குக் கிடையாது. ஆனால் யாருடைய பாடாக இருந்தாலும், கரையோர முழங்கால் தண்ணீரில் தடவிப் பிடிக்கிற பெண்களை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கும் எழுதி வைக்காத வழக்கம் அது. தண்ணீர் நிறைய இருக்கிறவரைக்கும் எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த வருஷம் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தது. கடல்தண்ணீர் சரியாக உள்ளே வரவில்லை. ஏரி சுருங்கச் சுருங்க, நடுவில் கட்டிய வலைகள் எல்லாம் கரையோரத்துக்கு வந்தன. ஒருநாள் காலையில் என் நண்பன் கழி ஊன்றி வலை கட்டியிருக்கிறான். அந்த வலைக்கு எதிரிலேயே என் அக்காவும் மற்ற பெண்களும் தடவிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீரைக் கலக்கினால் வலைக்கு இறால் எப்படி வரும் என்று அவன் கத்தியிருக்கிறான். அக்காவால் பதில் சொல்ல முடியாது, வாயில் பறி. மதிக்காமல் போகிறாள் என்று அவனுக்கு ஆத்திரம். இறங்கி வந்து பறியைப் பிடித்து இழுத்துவிட்டான். கயிறு பல்லில் இருந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அக்கா எழுந்து இரண்டு கையாலும் அவனை ஒரு தள்ளுத் தள்ளினாள். மல்லாந்து சேற்றில் விழுந்தான்.

கரையில் நின்ற யாரோ செல்போனில் எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் தாமதமாக எடுத்தான். வீடியோ என் நண்பன் விழுவதில்தான் தொடங்குகிறது. அது ஒவ்வொரு குரூப்பாகப் போனது. மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவர்கள் பார்த்துச் சிரிக்கிற அளவுக்குப் போனது. குப்பத்தில் எல்லாரும் ஒரு பொம்பளை எங்கள் ஆளைச் சேற்றில் தள்ளினாள் என்றார்கள். காலனியில் எல்லாரும் எங்கள் பெண்ணின் வாயைக் கிழித்தான் என்றார்கள். இரண்டும் உண்மை. அதுதான் தொல்லை.

பிறகு கல்லெறி, வாய்ச்சண்டை, ஒரு பைக்குக்குச் சேதம். குப்பத்துக்காரர் ஏறினால் காலனிக்காரர் இறங்கிக்கொண்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஆட்டோக்காரனுக்குக் காலி சீட்டுதான். என் பக்கத்து இடமும் காலி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். சமாதானம் செய்கிறவர்களுக்கு உள்ள ஆசீர்வாதத்தைப் பற்றித்தான் அன்றைக்குப் பிரசங்கம்.

“ரெண்டு பக்கமும் உன் வண்டியில ஏறினவங்கதான். நீ போய்ப் பேசு. பகையை யாராவது ஒருத்தர் முதல்ல கீழ வைக்கணும் இல்லையா?” என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். கோபக்காரன் என்று பேர் வாங்கியவனிடம் இப்படிக் கேட்கிறாரே என்று மனசு குளிர்ந்துபோனது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதட்டில் தையல் போட்டிருந்தார்கள், பேச முடியாத நிலையில் இருந்தாள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

குப்பத்தில் கூட்டம் அம்மன் கோவிலுக்கு முன்னால் மணலில் நடக்கும். வெயில் தாழ்ந்த நேரம். ஊர்த்தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வயதானவர், எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். என் நண்பன் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகிற வழியெல்லாம் நான் ஜெபம் செய்துகொண்டு போயிருந்தேன். எங்கள் சபையில் இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்றால், முதலில் மன்னிப்புக் கேட்கிறவன்தான் பெரியவன். அவன் கேட்டால் எதிராளியும் கேட்பான், கட்டிக்கொள்வார்கள், அதற்குப் பிறகு உட்கார்ந்து நியாயம் பேசுவார்கள். மன்னிப்பு எங்களுக்குக் கதவைத் திறக்கிற சாவி. அந்த நினைப்பில் எழுந்து நின்று கைகூப்பினேன்.

“நைனா, எங்க பக்கம் நடந்ததுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்” என்றேன்.

இனி அவர்கள் பக்கம் யாராவது எழுந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழவில்லை. தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டமாதிரி இருந்தது.

“அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதான் நைனா. நமக்குள்ள இன்னா இருக்குது?”

“சரி. மன்னிப்புக் கேட்டாச்சு. இத்தோட வழக்கு முடிஞ்சிது” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். டீ கொடுத்தார்கள். நான்கைந்து பேர் வந்து முதுகில் தட்டினார்கள். கல்லெறி நின்றது, மறுநாளே வண்டி நிறைந்தது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் மேடையிலிருந்து என்னைச் சுட்டிக்காட்ட, சபையே கைதட்டியது. அந்த ஒரு வாரம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

தையல் பிரித்த பிறகும் அக்கா ஏரிக்குப் போகவில்லை. திண்டாடித் திரிகிறவள் போல வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“எங்கடா போறது? அவுங்க ஊரு பொம்பளைங்க சொல்லிட்டாங்க. உன் தம்பியே வந்து தப்பு உங்களுதுன்னு ஒத்துக்கினாரு, இனிமே வலைப்பக்கம் எறங்காதன்னு. நீ யார்ரா எனக்காக மன்னிப்பு கேக்க? வாய் கிழிஞ்சது உனக்கா எனக்கா?”

அவள் உள்ளே போய்விட்டாள். நேராக வண்டியை எடுத்துக்கொண்டு நண்பனைத் தேடிப் போனேன். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“இன்னாடா அநியாயம் இது? நான் மன்னிப்புக் கேட்டது சமாதானத்துக்கு. நீங்க எங்காளுங்க பொழப்பையே எடுத்துக்கினீங்க!” என்று கத்தினேன்.

அவன் நிமிராமலே பேசினான். “கூட்டத்துக்கு வந்தவன் பேசணும்பா. நாங்க ஒண்ணு சொன்னா நீ ரெண்டு சொல்லணும். சத்தம் போடணும். ரெண்டு மூணு கூட்டம் இழுக்கணும். அப்பால ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்குடுத்து முடிப்போம். மன்னிப்பு கேக்கறது கடசீல. அத்தோட தீர்ந்துது. நீ மொத வார்த்தையே கடசி வார்த்தையாச் சொல்லிட்ட.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“நைனா அவ்ளோதானான்னு கேட்டாரே. மேக்குக் கரைய உங்களுக்கு விட்டுடலாம்னு பேசி வெச்சிக்கினுதான் அன்னிக்கு ஒக்காந்துனு இருந்தோம். நீ சண்டையே போடல. போடாத சண்டைக்கு யார் பங்கு குடுப்பா?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று ஊரில் சொல்வார்கள். நான் எதைப் பிடித்தேன், அது என்னவாக ஆனது என்பதே எனக்கு விளங்கவில்லை. கல் எறிகிறவன் இல்லை, வசை இல்லை, எல்லாரும் என் வண்டியில் ஒன்றாக ஏறுகிறார்கள். இதுதானே சமாதானம்? அப்படியென்றால் என் வீட்டில் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

அக்கா மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பொன்னேரி ஸ்டேஷன் வரை என் வண்டியில்தான் வர வேண்டும். பின்சீட்டில் மீன் கூடைகளோடு குப்பத்துப் பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மடியில் வைத்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே வருவாள். தரையில் என்ன இருக்கிறது என்று தடவித் தெரிந்துகொள்ளப் பழகிய கை. அங்கே தடவினால் டைல்ஸ்தான் என்று ஒருநாள் அவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. பல்லில் பறி இல்லாமலேயே பேசாமல் வந்தாள். என் நண்பன் மறுபடியும் என் பக்கத்தில் உட்காரத் தொடங்கியிருந்தான். அவள் இருக்கிற நாளில், பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடிப் பக்கம் பார்க்க மாட்டான். நானும் பார்ப்பதில்லை. எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. கல்லெறி நாட்களே தேவலை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக ஜெபத்தில் அழவும் செய்தேன்.

ஒருநாள் அக்கா இறங்கிப் போன பிறகு நண்பனிடம் கேட்டேன், வழக்கை மறுபடி எடுக்க வழியே இல்லையா என்று.

“அது எப்டிபா? கேட்ட மன்னிப்பத் திருப்பியா வாங்கிக்க முடியும்?” என்று சிரித்தான்.

கேலிக்குத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் முடியாது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

“ஐயா, கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கறது பாவமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். “அப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லையே. நீ தப்பு செய்யலன்னு சொல்றியா?”

“அதுவும் தெரியல ஐயா. அக்கா தள்ளினது நிஜம். ஆனா அந்த மன்னிப்பு நான் கேக்கக்கூடியது இல்லன்னு தோணுது. அவளுது அது.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எனக்கும் தெரியலப்பா” என்றார். பாஸ்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பயமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இந்தமுறை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “போய்க் கத்து. அதுதானே உனக்கு நல்லா வரும்” என்றாள். நெடுநாள் கழித்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதே கோவில், அதே மணல். எழுந்து நின்றேன். கைகூப்பவில்லை. “நைனா, போன தடவ நான் கேட்ட மன்னிப்பத் திருப்பி வாங்கிக்கிறேன்.”

முதலில் சிரித்தார்கள். குடுத்த பொருளா அது, பொட்டலம் கட்டித் தர என்று ஒருவன் கேட்டான். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு கோபமானது. ஊரைக் கேவலப்படுத்துகிறான் என்றார்கள். எனக்கும் ஏறிவிட்டது. முழங்கால் தண்ணீர் எங்கள் அம்மாக்கள் தடவிய தண்ணீர், அதற்கு யாரிடமும் பாடு கேட்டதில்லை, பேச முடியாதவள் வாயிலிருந்து பறியை இழுப்பது எந்த ஊர் நியாயம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்களும் கத்தினார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லாரையும்விட அதிகமாக எனக்கு எதிராகக் கத்தியவன் என் நண்பன். தலைவர் வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று தெரிந்தது. என் கண்ணுக்கு அப்படிப் பட்டதா, நிஜமா, சொல்ல முடியவில்லை.

“இப்பத்தாம்பா பேச்சே ஆரம்பிச்சிக்கீது” என்றார். “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம். பேச்சு முடியற வரைக்கும் பழைய வழக்கம் நடக்கட்டும்.”

பழைய வழக்கம் என்றால் பெண்கள் இறங்கலாம். மறுநாள் அக்கா துடைப்பத்தைத் தொடவில்லை. பறியை எடுத்துக்கொண்டு போனாள்.

குப்பத்துக்காரர் பாதிப் பேர் என் வண்டியை விட்டுவிட்டார்கள். என் பக்கத்து இடத்தில் யாரும் இடிப்பதில்லை. சபையிலும் ஆராதனை முடிவில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது சிலர் என் கையைத் தாண்டிப் போனார்கள். கத்தப் போகிறவனுக்கு எதற்குச் சமாதானம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானே அதைத்தான் நினைத்தேன். கூட்டம் முடிந்து தீர்ப்பு எப்படி வருமோ என்ற பயம் வேறு. முடியாமல் இருந்தால் அக்காவுக்குத் தண்ணீர் உண்டு. முடிந்தால் என்ன ஆகும் என்று சொல்வதற்கில்லை. சண்டை முடியாமல் இருக்கட்டும் என்று ஒரு கிறிஸ்தவன் எப்படி ஜெபிப்பான்? நான் முழங்கால் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடுவேன்.

போன கூட்டத்தில் முடித்துவிடுவார்கள் போலத்தான் இருந்தது. கத்தித் தீர்த்துவிட்டோம், எனக்கும் சரக்கு தீர்ந்துபோயிற்று. இனி நாம் வலை கட்டுகிற இடத்தில் அவர்கள் இறங்க வேண்டாம் என்று நான்கைந்து பேர் சொல்ல, கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தலைவர் துண்டை எடுத்தார். அப்போது என் நண்பன் எழுந்தான்.

“அந்த வீடியோவ எல்லாரும் இங்க பாக்கணும்” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீடியோவை யாராவது பார்த்தாலே அடிக்கப் போகிறவன். யாரோ போனை நீட்ட, கை மாறி மாறிப் போயிற்று. அவன் சேற்றில் விழுகிறான், மறுபடி விழுகிறான். சின்னவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவன் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பாத்தீங்களா? இதுக்கு முன்னாடி நடந்தது இதுல இல்ல. அத்தப் பேசாம வழக்க எப்டி முடிப்பீங்க?”

“அதுக்கு முன்னாடி இன்னாடா நடந்துது?” என்றார் தலைவர்.

“அத்த அடுத்த கூட்டத்துல சொல்றேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

தலைவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டைக் கீழே வைத்தார். வெளியே வந்ததும் நான் வண்டியைக் கிளப்பி அவனருகில் நிறுத்தினேன். ஏறுவான் என்று ஓரமாக நகர்ந்துகூட உட்கார்ந்தேன். “போபா, வேலையப் பாரு” என்று நடந்து போய்விட்டான். அவன் எனக்குப் பகையா, துணையா? ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் எதையோ கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஒருமுறை வாய் திறந்து பட்ட பாடு போதாதா?

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தாள். பறியின் கயிறு உதட்டுத் தழும்பை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தூரத்தில் என் நண்பன் கழி ஊன்றிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் அவன் சொன்னதைக் கரையில் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன். வீடியோவைக் காட்டச் சொன்னதையும், முன்னால் நடந்ததைப் பேச வேண்டும் என்று கேட்டதையும் சொன்னேன். சேற்றுக்குள் அவள் கைகள் நின்றன. திரும்பி அவன் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு, ஏரிக்குள் இருக்கும்போது நான் ஒருநாளும் பார்க்காத காரியத்தைச் செய்தாள். பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த கூட்டம் எப்போடா?”

“தெரியலக்கா. தள்ளிக்கினே போவுது.”

“போவட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கயிற்றைக் கவ்விக்கொண்டாள்.